பலாக்கொட்டை போத்தலுக்குள் ஏன் செத்தது

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஆனி ஆடியில் காலி வீதியோரம் வாங்கித் தின்ற றம்புட்டான், மங்குஸ்தான், பலா எல்லாவற்றின் கொட்டைகளையும் வீணாக்காமல் கழுவி, வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் நாலு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, போத்தலில் அடைத்து பிரிட்ஜில் வைத்தீர்கள். கார்த்திகை மழைக்கு யாழ்ப்பாணம் போனபோது அம்மா வீட்டு வளவில் புதைத்தீர்கள். ஒன்றுகூட முளைக்கவில்லை. அதே தட்டில் காய்ந்து, அதே பிரிட்ஜில் இருந்த பூசணியும் பாகலும் பயற்றையும் ஒரு கிழமைக்குள் தலையைக் காட்டிவிட்டன. என்ன பிழை விட்டேன் என்று கேட்கிறீர்கள்.

காயவைத்ததுதான் பிழை. நீங்கள் மண்ணில் புதைத்தபோது அவை செத்து மூன்று நாலு மாதம் ஆகியிருக்கும். மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் குறை சொல்ல வேண்டாம். பிரிட்ஜைக் கொஞ்சம் சொல்லலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விதை என்றால் காயவைக்க வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். என் அம்மம்மா கத்தரி விதையைச் சாம்பலில் பிரட்டி வெயிலில் வைத்துப் போத்தலில் போடுவார், விதைநெல்லைக் கடித்துப் பார்த்து 'டக்' என்று உடைந்தால்தான் மூட்டை கட்ட விடுவார். அவர் செய்தது முழுக்கச் சரி, ஏனென்றால் அவர் கையில் இருந்தவை கத்தரியும் நெல்லும். ஆனால் அதே அம்மம்மா மாங்கொட்டையைக் காயவைத்ததை நான் பார்த்ததே இல்லை. தின்ற கையோடு வேலியோரம் எறிவார், அது அங்கேயே முளைக்கும். பனங்கொட்டையையும் யாரும் போத்தலில் போட்டு வைப்பதில்லை, பழம் விழுகிற காலத்திலேயே பொறுக்கிப் பாத்தி போட்டுவிடுவார்கள். காரணம் தெரியாமலேயே கை இரண்டு வகை விதையையும் பிரித்து வைத்திருந்தது. கொழும்பில் நாலாம் மாடிக்கு வந்த பிறகு வேலியும் இல்லை, பாத்தியும் இல்லை, எல்லாவற்றையும் போத்தலில் போடுகிறோம்.

இந்த விதைகள் ஏன் சாகின்றன என்று கேட்பதற்கு முன்னால், மற்றவை ஏன் சாகவில்லை என்று பார்க்க வேண்டும். உண்மையில் அதுதான் அதிசயம். ஒரு உயிரின் கலத்துக்குள் இருக்கிற தண்ணீரை நூற்றுக்கு ஐந்து பங்கு வரை இறக்கிவிட்டு, பல வருடம் கழித்துத் தண்ணீர் ஊற்றினால் அது எழும்பி வர வேண்டும் என்றால் எவ்வளவு பெரிய வேலை! உங்களையும் என்னையும் அப்படிக் காயவைத்தால் கருவாடுதான்.

பயற்றங்காய் ஒன்றைப் பிடுங்காமல் கொடியிலேயே விட்டுப் பாருங்கள். முதலில் பச்சையாகக் கொழுக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு கோது சரசரக்கும், கடைசியில் வெடித்து விதை தெறிக்கும். அந்தச் சரசரப்பு வருவதற்கு முன்பே தாய்ச்செடி சாப்பாடு அனுப்புவதை நிறுத்தியிருக்கும், உள்ளே விதை தன்னைக் காய்வதற்குத் தயார்படுத்திக்கொண்டிருக்கும். அதாவது காய்வது அதற்கு நேர்கிற விபத்து கிடையாது, வளர்ச்சியின் கடைசிப் பாடமே அதுதான். அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் 'இப்போது முளைக்காதே' என்று முளையத்தைப் பிடித்து வைக்கிறது. கலங்களுக்குள் தண்ணீரால் ஊதியிருந்த புன்வெற்றிடங்கள் சுருங்கி, அந்த இடத்தில் மாப்பொருளும் புரதமும் எண்ணெயும் நிரம்புகின்றன. சக்தி தயாரிக்கிற இழைமணிகள் தங்கள் உள்மடிப்புகளைக் குறைத்துக்கொண்டு வேலையை ஒடுக்குகின்றன. சுவாசம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. கடையை மூடுகிறவன் முதலில் மீனைத் தூக்கி ஐஸில் போட்டு, விளக்கை அணைத்து, கடைசியாகப் பூட்டைப் போடுவது மாதிரி ஒரு ஒழுங்கு இதில் இருக்கிறது.

இதற்குள் இரண்டு பொருட்கள் குவிகின்றன. ஒன்று ஒரு தனிவகைப் புரதம், முளையம் வளர்கிற கடைசிக் கட்டத்தில் பெருகுவதால் அதற்கு எல்.ஈ.ஏ. புரதம் என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் பருத்தி விதையில் முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் போகப் போக மற்றப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இவை பார்த்துக்கொள்கின்றன. இன்னொன்று சீனி. சாதாரண சுக்குரோசும், ரஃபினோஸ் குடும்பத்துச் சீனிகளும். (கடலை, பயறு சாப்பிட்டால் வயிறு ஊதுகிறதே, அதற்குக் காரணம் இந்த ரஃபினோஸ் கூட்டம்தான். விதை தன்னைக் காப்பாற்றச் சேர்த்து வைத்ததை எங்கள் குடலால் செரிக்க முடிவதில்லை.) எள்ளுருண்டைக்குப் பாகு காய்ச்சியிருந்தால் இந்தச் சீனி செய்கிற வேலை உடனே விளங்கும். பாகு பதம் தாண்டினால் கட்டியாகி, டொபி மாதிரிப் பளபளவென்று இறுகிவிடும். அது கற்கண்டு மாதிரிப் பளிங்குமில்லை, திரவமுமில்லை, கண்ணாடி. காய்ந்த விதையின் கலத்துக்குள்ளும் இப்படி ஒரு கண்ணாடி உருவாகிறது. அதற்குள் எந்த மூலக்கூறும் நினைத்தபடி நகர முடியாது, நகர முடியாவிட்டால் கெட்டுப்போகிற வேலைகளும் நடக்காது. கலமென்சவ்விலிருந்து தண்ணீர் விலகும்போது அந்த இடத்தில் சீனி போய் நின்றுகொள்வதால் சவ்வின் கொழுப்புகள் ஒன்றையொன்று நெருக்கிக் கெட்டியாவதில்லை.

இந்த ஏற்பாடு சரியாக நடந்துவிட்டால், விதை எவ்வளவு காய்ந்து எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு நீண்ட ஆயுள். விதைக் களஞ்சியக்காரர் மத்தியில் ஒரு பழைய கணக்கு உண்டு: ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு, வெப்பநிலை ஐந்து பாகை குறைந்தாலும் இரண்டு மடங்கு. ஒரு எல்லைக்குள் அது உண்மை. இஸ்ரேலில் மசாடா கோட்டை இடிபாட்டில் கிடைத்த, சுமார் 2,000 வருடப் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் முளைத்தது. வறண்ட பாலைவனத்துக்குள் காய்ந்து கிடந்ததுதான் அதைக் காப்பாற்றியது.

இனி உங்கள் பலாக்கொட்டைக்கு வாருங்கள். அதற்கு இந்தக் கடைசிப் பாடம் நடக்கவே இல்லை. பழம் பழுத்து மரத்திலிருந்து விழும்போதும் கொட்டையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். புன்வெற்றிடங்கள் ஊதியபடி, இழைமணிகள் ஓடியபடி, சுவாசம் நடந்தபடி இருக்கும். நன்றாகக் கனிந்து அளிந்துபோன பலாப்பழத்தை வெட்டும்போது சில கொட்டைகள் உள்ளேயே முளைவேரை நீட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழம் விழுந்தபின் ஒரு இடைவேளை, அப்புறம் முளைப்பு என்றெல்லாம் அதற்கு இல்லை. வளர்ந்துகொண்டிருந்தது, வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதை விதை என்று நினைத்ததுதான் கோளாறு. பொலித்தீன் பையில் இருந்து பிடுங்கிய நாற்று என்று நினைத்துப் பாருங்கள், அதை நாலு நாள் மொட்டைமாடி வெயிலில் வைப்பீர்களா?

நீர்கொழும்புக் களப்பில் கண்டல் காடு பார்த்திருந்தால் இதன் உச்சக்கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சில கண்டல் மரங்களில் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாகப் பச்சையாகத் தொங்கும், பிறகுதான் விழும். பலாவும் மாவும் அந்தப் பாதையில் பாதி தூரம் வந்து நிற்கின்றன என்று சொல்லலாம்.

சரி, காயும்போது உள்ளே என்னதான் நடக்கிறது? முதல் அடி வெறும் இழுபறி. தண்ணீரால் ஊதியிருந்த பெரிய புன்வெற்றிடங்கள் சடாரென்று சுருங்கும்போது கலம் உள்நோக்கி மடிகிறது, சவ்வு கிழிகிறது, உள்ளே இருந்த சட்டகம் குலைகிறது. இது கொஞ்சத் தண்ணீர் போனாலே தொடங்கிவிடும். இதைவிட மோசமானது இரண்டாவது. தண்ணீர் பாதி போய்விட்டது, ஆனால் சுவாசம் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுத்த பயற்றை விதை காய்வதற்கு முன்பே இயந்திரத்தை நிறுத்திவிட்டது, பலாக்கொட்டை நிறுத்தவில்லை. எண்ணெய் வற்றிக்கொண்டிருக்கிற இயந்திரத்தை முழு வேகத்தில் ஓடவிட்டது போல, இழைமணிகளில் ஒழுங்காகப் போக வேண்டிய இலத்திரன்கள் தப்பி ஒட்சிசனில் ஏறி, எதைத் தொட்டாலும் அரிக்கிற மூர்க்கமான ஒட்சிசன் வடிவங்களாக மாறுகின்றன. அவை சவ்வின் கொழுப்பைக் கருக வைக்கின்றன, புரதத்தைக் கெடுக்கின்றன, டி.என்.ஏ.யை வெட்டுகின்றன. வழக்கமாக இவற்றை அடக்குகிற நொதியங்களும் தண்ணீர் குறைந்ததால் தடுமாறிக்கொண்டிருக்கும். இந்த நிலையிலேயே பெரும்பாலான கொட்டைகள் முடிந்துவிடும். தப்பித் தவறி இதையும் தாண்டினால், சவ்வுகளையும் புரதங்களையும் ஒட்டிக்கொண்டிருக்கிற கடைசித் தண்ணீரும் போகும்போது மூன்றாவது அடி. அங்கே நிற்க வேண்டிய சீனிக் கண்ணாடியும் காவல் புரதமும் இதனிடம் போதாது அல்லது சரியாகச் சேரவில்லை. பிறகு நீங்கள் தண்ணீர் ஊற்றும்போது ஓட்டைச் சவ்வு வழியாக உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கசிகிறது. செத்த கொட்டையை ஊறவைத்த தண்ணீர் கலங்கி நாறுவதற்கும் பூஞ்சணம் உடனே வந்து குந்துவதற்கும் காரணம் இதுதான்.

ஒரு விசித்திரம் சொல்கிறேன். இந்த வகை விதையை மெல்ல மெல்ல நிழலில் காயவைத்தால் அது இன்னும் சீக்கிரம் சாகும், அதாவது இன்னும் நிறையத் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே. கொட்டையை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற சின்ன முளையத்தை மட்டும் வெட்டி எடுத்து, காற்றோட்டத்தில் மளமளவென்று சில மணித்தியாலத்தில் காயவைத்தால் இன்னும் ஆழமாகக் காய்ந்த பிறகும் உயிரோடு இருக்கும். தென்னாபிரிக்காவில் டர்பன் நகரத்தில் பற்றீசியா பெர்யாக், நோர்மன் பமென்ரர் என்ற இருவர் பல வருடம் இதையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். விளக்கம் நேரானதுதான். அரைகுறை ஈரத்தில்தான் நாசம் நடக்கிறது என்றால், அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதே கணக்கு. கருவாடு போடுகிறவர்களிடம் கேளுங்கள், மப்பு நாளில் அரைகுறையாகக் காய்கிற மீன்தான் புழுக்கும். ஆனால் வேகமாகக் காய்ந்த முளையமும் அப்படியே வைத்திருந்தால் சில நாளுக்கு மேல் தாங்காது. வேகம் சாவைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஆகவே 'எந்த விதையையும் நிழலில் இரண்டு நாள் காயவையுங்கள்' என்று வீடியோவில் சொல்கிறவர்களை நம்பி பலாக்கொட்டையைத் தொடாதீர்கள். எனக்கு அந்த வீடியோக்களைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

இப்படி ஒரு பலவீனத்தை மரம் ஏன் வைத்திருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். பலவீனம் என்று சொல்வது எங்கள் போத்தல் பார்வை. சிங்கராஜ வனம் மாதிரி ஒரு மழைக்காட்டின் தரையில் நின்று பாருங்கள். வருடம் முழுக்க ஈரம். விழுகிற கொட்டை காய்ந்துபோகிற ஆபத்து குறைவு. ஆனால் எலி, அணில், பன்றி, வண்டு, பூஞ்சணம் எல்லாம் காத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே ஐந்து வருடம் தூங்கலாம் என்று படுக்கிற விதை ஐந்து நாளில் யாருக்காவது சாப்பாடு. பிழைக்க ஒரே வழி விழுந்த கையோடு வேரை இறக்குவதுதான். அதனால் இந்த மரங்கள் தடித்த ஓட்டுக்குச் செலவழிக்காமல் கொட்டைக்குள் சாப்பாட்டை நிறைக்கின்றன, கொட்டை பெரிதாக இருப்பதால் ஒரு சின்ன வறட்சி வந்தாலும் சட்டென்று காயாது, தொகுதி பெரிது, மேற்பரப்பு ஒப்பளவில் சிறிது. டிப்டெரோகார்ப் என்கிற பெரிய மழைக்காட்டு மர இனங்கள், எங்கள் ஹொர மரம் உட்பட, இப்படித்தான். அந்தக் காட்டில் மண்ணுக்குள் விதைகள் சேமிப்பில் கிடப்பதில்லை, நிழலுக்குள் முழங்கால் உயரக் கன்றுகள் கூட்டமாக நின்று மேலே ஒரு மரம் விழுந்து வெளிச்சம் வருகிற நாளுக்குக் காத்திருக்கின்றன.

பனாமாக் காட்டில் ஆய்வாளர்கள் பார்த்தபோது, காய்ந்தால் சாகிற இனங்களில் பெரும்பாலானவை மழை மாதங்களிலேயே விதையை உதிர்க்கின்றன என்று தெரிந்தது. எங்கள் றம்புட்டானும் மங்குஸ்தானும் தென்மேல் பருவ மழையோடு வருவதை மல்வானைப் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இது வெப்பநாட்டு மரங்களுக்கு மட்டும் உரிய குணம் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவின் ஓக் மரக் கொட்டையும் காய்ந்தால் செத்துவிடும். கனடாவில் சொந்தக்காரர் இருந்தால் அவர்கள் தெருவில் இன்னொரு உதாரணம் நிற்கும்: வெள்ளி மேப்பிளின் விதை வசந்தத்தில் விழுந்து உடனே முளைக்கும், காய்ந்தால் போச்சு. பாகு எடுக்கிற சீனி மேப்பிளின் விதை காய்ந்தாலும் தாங்கும். இரண்டும் ஒரே பேரினம். இதைவிட நல்ல உதாரணம் எங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. நீங்கள் காயவைத்து முளைக்க வைத்த பூசணியும் பாகலும் ஒரு குடும்பம். அதே குடும்பத்துச் சௌசௌவின் ஒற்றை விதையை எடுத்துக் காயவைத்துப் பாருங்கள், வேலைக்காகாது. அது காய்க்குள் இருந்தபடியே முளைவிடுகிற விதை, முழுக் காயையும்தான் நட வேண்டும். சொந்தம் பந்தம் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

பெயர் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். 1973இல் ரொபேர்ட்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் காய்ந்தால் ஆயுள் கூடுகிற விதைகளுக்கு ஓர்தடொக்ஸ் என்றும், காய்ந்தால் சாகிறவற்றுக்கு ரிகால்சிட்ரன்ட் என்றும் பெயர் வைத்தார். இரண்டாவது சொல்லின் இலத்தீன் மூலத்துக்குக் குதிகாலால் உதைக்கிறது என்று பொருள், அதாவது சொல் கேட்காத கழுதை. 1990இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் இடைப்பட்ட மூன்றாவது வகை ஒன்றையும் சேர்த்தார்கள், அதற்குக் காட்டிய உதாரணம் கோப்பி. கோப்பி விதை ஓரளவு காய்வதைத் தாங்கும், ஆனால் மேலும் காய்ந்தாலோ காய்ந்தபின் குளிரில் வைத்தாலோ கெடும். பப்பாளியும் வேம்பும் கிட்டத்தட்ட இந்த இடைவகைதான். வேப்பம் விதையைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வதற்கும் காரணம் இதுதான். ஒருவர் மூன்று கிழமையில் செத்தது என்பார், இன்னொருவர் ஆறு மாதம் வைத்திருந்தேன் என்பார், எந்த ஊர் மரம், எப்போது பிடுங்கியது, தோலை எப்போது உரித்தது என்பதைப் பொறுத்து இரண்டும் நடக்கும்.

இந்தச் சொல் கேட்காத கழுதைதான் எங்கள் நாட்டின் வரலாற்றில் பாதியை எழுதியது என்றால் கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய்யில்லை. இறப்பரை எடுங்கள். 1873இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போன சுமார் 2,000 விதைகளில் ஒரு பன்னிரண்டு மட்டும் முளைத்தன. 1876இல் ஹென்றி விக்கம் சுமார் 70,000 விதைகளை அமேசன் கரையிலிருந்து கப்பலில் அவசரமாகக் கொண்டுபோய் இறக்கினார். நாள் கடந்தால் செத்துவிடும் என்பதால்தான் அந்த அவசரம். அதிலும் முளைத்தவை 2,700 அளவில், நூற்றுக்கு நாலுகூட இல்லை. அங்கிருந்து இலங்கைக்கு விதை அனுப்புகிற முட்டாள்தனத்தை யாரும் செய்யவில்லை. கன்றுகளாக, கண்ணாடி மூடிய வார்ட் பெட்டிகளில் 1,900க்கு மேல் அனுப்பினார்கள். அவை வந்து இறங்கியது கம்பஹாவில், ஹெனரத்கொட தோட்டத்தில். கொழும்பிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம், பார்க்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

தேயிலையும் அப்படியே. சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் தேயிலை கடத்திய ரொபேர்ட் ஃபோர்ச்சூன் முதலில் விதையை விதையாகவே அனுப்பிக் கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு வார்ட் பெட்டிக்குள் மண் போட்டு முசுக்கட்டைக் கன்றுகளுக்கு இடையில் தேயிலை விதையைத் தூவி அனுப்பினார். கல்கத்தாவில் திறந்தபோது அவை வழியிலேயே முளைத்து நின்றன. விதை பயணத்தில் முளைக்கத்தான் போகிறது என்றால் முளைக்கட்டும் என்று விட்டதுதான் அவருடைய புத்தி. கொக்கோ, கராம்பு, சாதிக்காய், கறுவா என்று இந்தத் தீவின் ஏற்றுமதிப் பயிர்கள் பலவற்றின் விதைகள் இந்த வகைதான். கொழும்பு 7ஐக் கறுவாத்தோட்டம் என்கிறோமே, அங்கே முன்பு நின்ற கறுவாவின் விதையும் பழத்தை உரித்ததும் விதைக்க வேண்டிய விதை.

இன்றைக்கும் இதனால் பெரிய தலையிடி உண்டு. நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் 2008இல் திறந்த உலக விதைப் பெட்டகத்தில் விதைகளைக் காயவைத்து மறை 18 பாகையில் வைக்கிறார்கள். எங்கள் கன்னொறுவையில் இருக்கிற தாவர மரபு வள நிலையமும் நெல், பயறு வகைகளை இதே வழியில்தான் காக்கிறது. அங்கே பலாவுக்கும் மாவுக்கும் இடமில்லை, வைத்தால் பிணத்தை வைத்த மாதிரி. உலகத்து மர இனங்களில் சுமார் 33 விழுக்காட்டையும் அழிவின் விளிம்பில் நிற்கிற தாவரங்களில் சுமார் 36 விழுக்காட்டையும் இப்படிக் காயவைத்துச் சேமிக்க முடியாது என்று கியூ தோட்டத்தார் 2018இல் கணக்கிட்டார்கள். அப்படியானால் மரமாகவே வைத்திருக்க வேண்டும். ட்ரினிடாட்டில் கொக்கோவுக்கு அப்படி ஒரு தோட்டமே இருக்கிறது, பரந்த நிலத்தில் வகை வகையாக மரங்கள். புயலோ நோயோ வந்தால் சேமிப்பும் போய்விடும். மற்ற வழி, நான் மேலே சொன்ன அந்தச் சின்ன முளையத்தை வெட்டி எடுத்து, மளமளவென்று காயவைத்து, அடுத்த நொடியில் மறை 196 பாகைத் திரவ நைதரசனில் அமிழ்த்துவது. சில இனங்களில் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாகப் பதம் கண்டுபிடிக்க வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், பொறுமை வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது நைதரசன் இல்லை, ஒரு ஐஸ்கிரீம் டப்பா. பிரிட்ஜ் கணக்கை இங்கே முடிக்கிறேன்: காயவைக்காமல் ஈரத்தோடு வைத்திருந்தாலும் உங்கள் பிரிட்ஜ் அவற்றைக் கொன்றிருக்கும். வெப்பநாட்டுக் கொட்டைகள் பலவற்றுக்குக் குளிரே நஞ்சு. கொக்கோ விதை 10 பாகை அளவுக்குக் குளிர்ந்தாலே முடிந்தது, வீட்டு பிரிட்ஜ் அதற்கும் கீழே. ஆகவே அறை வெப்பத்தில்தான் வைக்க வேண்டும். சதையை நன்றாகக் கழுவுங்கள், றம்புட்டானில் கொட்டையோடு ஒட்டியிருக்கிற சதை முளைப்பதைத் தடுக்கும், பூஞ்சணத்தையும் வரவழைக்கும். தும்புத்தூளை நனைத்துக் கையால் இறுகப் பிழியுங்கள், ஒரு சொட்டும் விழக்கூடாது, அந்த ஈரம் போதும். அதற்குள் கொட்டைகளைப் புதைத்து மூடியில் நாலு துளை போடுங்கள், அவை மூச்சு விடுகின்றன. மரத்தூளும் பரவாயில்லை. காற்றில்லாமல் பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் புளித்து நாறிவிடும்.

இப்படி வைத்தாலும் மாதக்கணக்கு எதிர்பார்க்காதீர்கள். சில கிழமைகள்தான், அதற்குள் பல டப்பாவுக்குள்ளேயே முளைக்கத் தொடங்கும். அது கெட்டுப்போன அறிகுறி இல்லை, அப்படியே கவனமாக எடுத்துச் சாடிக்கு மாற்றுங்கள். கழற்றி எடுத்த றம்புட்டான் கொட்டைக்கு ஒரு கிழமை என்றே கணக்கு வையுங்கள், மங்குஸ்தானுக்கு அதையும்விடக் கறாராக இருங்கள். மாங்கொட்டை கொஞ்சம் பொறுக்கும், ஓட்டைப் பிளந்து உள்விதையை எடுத்து நட்டால் விரைவில் வரும். பல்கனியில் கறிவேப்பிலை வைக்க விரும்புகிறவர்களுக்கும் இதே விதி: கறுத்த பழத்தை நசித்துக் கழுவி அன்றைக்கே ஊன்றுங்கள், கடையில் பக்கற்றில் வருகிற காய்ந்த கறிவேப்பிலை விதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். நான் கொடுத்திருக்கிறேன், இருபதில் ஒன்று வரவில்லை.

எந்த விதை எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் கையில் எடுத்துப் பாருங்கள். பெரிதாக, பாரமாக, மெல்லிய தோலோடு, நகத்தால் கீறினால் ஈரமாக, சாறுள்ள பழத்துக்குள்ளிருந்து வந்ததா? காயவைக்காதீர்கள். சிறிதாக, கல் மாதிரி, காய்ந்த நெற்றுக்குள்ளிருந்து வந்ததா, புளி, கொன்றை மாதிரி? போத்தலில் போடலாம். விதிவிலக்கு உண்டு, ஆனால் பத்தில் எட்டுத் தரம் சரிவரும்.

யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்றும் கேட்டீர்கள். பழமாகவே கொண்டுபோங்கள். பழத்துக்குள் இருக்கிற கொட்டைக்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது, யாழ்தேவியில் ஒரு பகல் அதற்கு ஒன்றுமே இல்லை. அம்மாவிடம் கொடுத்து, தின்ற அன்றைக்கே சாடியில் போடச் சொல்லுங்கள், கார்த்திகை வரும்போது நிலத்தில் வைக்கிற அளவுக்குக் கன்று நிற்கும். பலாவும் மாவும் அந்த வளவில் நன்றாக வரும். றம்புட்டானைப் பற்றி உண்மையைச் சொன்னால் மனம் நோகும்: அது ஈர வலயத்து மரம், உங்கள் ஊர் வறட்சியில் கிணற்றடியில் வைத்து இறைத்தாலும் இழுபறிதான், அதோடு கொட்டையிலிருந்து வருகிற கன்று ஆண் மரமாகவும் வரலாம், அது ஐந்தாறு வருடம் கழித்துப் பூக்கும்போதுதான் தெரியும். றம்புட்டான்தான் வேண்டும் என்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள், அதையும் கொழும்புப் பக்கத்தில் காணி உள்ள யாராவது சித்தப்பா வீட்டில் நடுங்கள்.